வானொலியில் எழுந்த குரல்

1934ஆம் ஆண்டு பினாங்குத் தீவின் ஜோர்ஜ்டவுன் நகரில் ஒரு புதுமை நிகழ்ந்தது. பினாங்கு வானொலிச் சங்கத்தினர் மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் ஒலிபரப்பைத் தொடங்கினர். துறைமுகத் தொழிலாளியும் கடைக்காரரும் பள்ளி ஆசிரியரும் தத்தம் தாய்மொழியைக் காற்றின் வழியே கேட்டு வியந்தனர். அந்நாளில் வானொலிப் பெட்டி வாங்க வசதி உள்ளவர் மிகச் சிலரே. ஆகையால், பெட்டி இருந்த வீட்டின் வாசலிலும் கடையின் முன்னும் மக்கள் கூடி நின்று கேட்பது வழக்கம். அவ்வாண்டு அந்நகரில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் வளர்ந்துகொண்டிருந்தான். பின்னாளில் அவனுடைய குரலை மலாயா முழுவதும் வானொலியில் கேட்டு உருகப் போகிறது என்பதை அன்று யாரும் அறியார். அச்சிறுவனே மலேசியத் திரைக்கலையின் தலைமகனாகப் போற்றப்படும் பி. ரம்லி.

ரம்லி 1929ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள் ஜோர்ஜ்டவுனில் பிறந்தார். அவரது இயற்பெயர் தெக்கு சக்கரியா. தந்தை தெக்கு ஞாக் பூத்தே, சுமத்திராவின் ஆச்சே பகுதியிலிருந்து வந்து பினாங்கில் குடியேறிய கப்பல் தொழிலாளி. தாயார் சே மா உசேன், கடலுக்கு அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்தைச் சேர்ந்தவர். தந்தை உறவினரின் துணையோடு கட்டிய எளிய மரவீட்டில்தான் ரம்லி வளர்ந்தார். பல தீவுகளிலிருந்தும் நாடுகளிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் கலந்து வாழ்ந்த ஊர் அது. மலாய்க்காரர், சீனர், தமிழர், அரபியர், யுரேசியர் ஆகியோரின் பேச்சும் பாட்டும் ஒரே தெருவில் ஒலித்தன. அவ்வொலிகள் அனைத்தும் சிறுவன் ரம்லியின் செவியில் விழுந்தன. பின்னாளில் அவருடைய இசையிலும் கதையிலும் அவை வெளிப்பட்டன.

ரம்லி முதலில் மலாய்ப் பள்ளியிலும் பின்னர்ப் பிரான்சிஸ் லைட் ஆங்கிலப் பள்ளியிலும் பயின்றார். அதன்பின், 1816ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற புகழ்மிக்க பினாங்கு பிரீ பள்ளியில் சேர்ந்தார். பாடப் புத்தகங்களைவிடப் பாட்டிலும் விளையாட்டிலும்தான் அவர் மனம் மிகுதியாகச் சென்றது. உக்குலேலே என்னும் சிறிய நரம்புக் கருவியை மீட்டிப் பழகினார். பிறகு கிட்டாரும் வயலினும் அவர் கைக்கு வசமாயின. பினாங்கில் இசைக்குழு நடத்திவந்த கமாருடின் என்னும் ஆசிரியர், இசைக்குறிப்புகளைப் படிக்கவும் எழுதவும் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். கேட்டதைப் பாடும் பிள்ளையாக இருந்தவர், நினைத்த இசையைத் தாளில் எழுதிவைக்கும் திறம் பெற்றார்.

ரம்லிக்குப் பன்னிரண்டு வயது நடந்தபோது போர் வந்தது. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜோர்ஜ்டவுன் நகருக்கு மேலே பறந்தன. வான்தாக்குதலை அதுவரை கண்டறியாத மக்கள், தெருவில் நின்று அண்ணாந்து வேடிக்கை பார்த்தனர். அவர்கள்மீதே குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கணக்கானோர் உயிரிழந்தனர்; கடைத்தெருக்கள் தீப்பற்றி எரிந்தன. சில நாள்களுக்குள் பிரிட்டிஷ் அதிகாரிகள் தீவைவிட்டு வெளியேறினர். ஐரோப்பியர்கள் கப்பலேற்றப்பட்டனர்; உள்ளூர் மக்களோ கைவிடப்பட்டனர். அந்த இக்கட்டான நேரத்தில், இலங்கைத் தமிழரான பத்திரிகை ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து பொறுப்பை ஏற்று முன்வந்தார். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கச் செய்து, மேலும் குண்டு விழாமல் நகரைக் காக்க முயன்றார். டிசம்பர் 19ஆம் நாள் ஜப்பானியப் படை பினாங்கில் நுழைந்தது.

பின்வாங்கியவர்கள் அழிக்காமல் விட்டுச் சென்ற வானொலி நிலையம் ஜப்பானியரின் கைக்குப் போனது. அதுவரை பாட்டும் செய்தியும் தந்த அதே நிலையத்திலிருந்து, இன்னும் வீழாமல் இருந்த சிங்கப்பூரை மிரட்டும் பரப்புரை ஒலித்தது. ஒரே கருவி மக்களை மகிழ்விக்கவும் கூடும், அச்சுறுத்தவும் கூடும் என்பதைப் பினாங்கு மக்கள் அன்று நேரில் உணர்ந்தனர்.

அடுத்த மூன்றரை ஆண்டுகள் மலாயா மக்கள் யாவரும் துன்புற்றனர். அரிசிக்குப் பஞ்சம் ஏற்பட்டு, மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று. சீனர்கள் பலர் பிடித்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டனர். தோட்டப்புறத் தமிழர்கள் பல்லாயிரவர் சயாம் - பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் திரும்பி வரவேயில்லை. ரம்லி பயின்ற ஆங்கிலப் பள்ளியும் மூடப்பட்டது. அவர் ஜப்பானியக் கடற்படையினர் நடத்திய பள்ளியில் சேர நேர்ந்தது. அங்கு ஜப்பானிய மொழியையும் ஜப்பானியப் பாடல்களையும் கற்றார். பகைவரின் ஆட்சியில் பயின்ற பாடல்களிலும் இசையின் நுட்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். பசியும் பயமும் நிறைந்த அந்த ஆண்டுகளில் அவர் பாடுவதை நிறுத்தவேயில்லை.

1945இல் போர் முடிந்தது. மலாயா வானொலி மீண்டும் இயங்கத் தொடங்கியது. உறவுகளை இழந்து, பொருளையும் இழந்து நின்ற மக்களுக்கு அதன் இசை ஆறுதல் அளித்தது. புதிய குரல்களைத் தேடி அவ்வானொலி பாட்டுப் போட்டிகளை நடத்தியது. ரம்லி அப்போட்டிகளில் கலந்துகொண்டார். உடனே அவருக்கு முதலிடம் கிட்டிவிடவில்லை. எனினும் அவர் தளரவில்லை. மீண்டும் மீண்டும் முயன்றார். 1947ஆம் ஆண்டு முதல் பரிசைப் பெற்று, வட மலாயாவின் நட்சத்திரப் பாடகர் என்னும் சிறப்பை அடைந்தார். அக்காலத்தில்தான் தெக்கு சக்கரியா என்னும் பெயர் மறைந்து, பி. ரம்லி என்னும் பெயர் நிலைபெற்றது. தந்தையின் பெயரான பூத்தே என்பதன் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னால் அவர் சேர்த்துக்கொண்டார். தமிழரின் தலைப்பெழுத்து வழக்கத்தை ஒத்த அந்தப் பெயர், கேட்டவர் நெஞ்சில் எளிதில் பதிந்தது.

வானொலி பெயரைப் பரப்பியது. ஒரு கண்காட்சி வாழ்க்கையின் திசையை மாற்றியது. 1948ஆம் ஆண்டு புக்கிட் மெர்தாஜாமில் நடைபெற்ற வேளாண் விழாவில், ரம்லி தம் குழுவினருடன் தாமே இயற்றிய ஒரு பாடலைப் பாடினார். சிங்கப்பூரிலிருந்து புதுமுகங்களைத் தேடி வந்திருந்த இந்திய இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் அப்பாடலைக் கேட்டார். குரலின் இனிமை அவரைக் கவர்ந்தது. அவர் அழைப்பை ஏற்று, பத்தொன்பது வயது ரம்லி ஆகஸ்டு மாதத்தில் சிங்கப்பூருக்குப் புறப்பட்டார். ஜாலான் அம்பாஸ் சாலையிலிருந்த ஷா சகோதரர்களின் படப்பிடிப்பு நிலையம் அவருடைய அடுத்த பள்ளிக்கூடமாயிற்று.

அங்கு அவர் எதிர்பார்த்த வாய்ப்பு உடனே அமையவில்லை. அவருடைய முகம் கதாநாயகனுக்கு ஏற்றதன்று என்று கருதப்பட்டது. சிந்தா என்னும் முதல் படத்தில் அவருக்கு வில்லன் வேடமே கிடைத்தது. அதே படத்தில் கதாநாயகன் பாடுவதுபோல் ஒலித்த குரல் ரம்லியுடையது. குரல் நாயகனுக்கு உரியது. முகம் வில்லனுக்கு உரியது. அந்த நிலையை அவர் அவமானமாக எண்ணவில்லை. கிடைத்த சிறு வேடங்களில் நடித்துக்கொண்டே, படக்கருவியை இயக்குவது, காட்சிகளை வெட்டி ஒட்டுவது, திரைக்கதை எழுதுவது ஆகிய அனைத்தையும் பக்கத்தில் நின்று கவனித்துக் கற்றார்.

அக்காலத்தில் மலாய்ப் படங்களை இயக்கியவர்களுள் பெரும்பாலோர் இந்தியர்களே. அவர்களுள் ஒருவர் பினாங்கில் வளர்ந்த தமிழர் எல். கிருஷ்ணன். இவர் 1950ஆம் ஆண்டு தாம் இயக்கிய பக்தி என்னும் படத்தில் ரம்லியைக் கதாநாயகனாக்கினார். அதுமட்டுமன்றி, அவரையே சொந்தக் குரலில் பாடவும் வைத்தார். வானொலியில் ஒலித்த குரலும் திரையில் தோன்றிய முகமும் அன்று ஒன்றாயின. மக்கள் இருகரம் நீட்டி வரவேற்றனர். ஒரு தமிழ் இயக்குநரின் நம்பிக்கை, மலாய்த் திரையுலகின் மாபெரும் கலைஞரை உலகுக்குக் காட்டியது.

1955ஆம் ஆண்டு ரம்லி தாமே இயக்குநரானார். அவர் இயக்கிய முதல் படம் பெனாரிக் பெச்சா, அதாவது திரிஷா ஓட்டி. ஏழைத் திரிஷா ஓட்டி ஒருவனும் செல்வரின் மகளும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். பணமே பெரிதென எண்ணும் தந்தை குறுக்கே நிற்கிறார். கதை எளியது, ஆயினும், அது தொட்ட பொருள் ஆழமானது. போருக்குப் பின் மக்கள் கம்பங்களை விட்டு நகரங்களுக்கு வந்துகொண்டிருந்தனர். நகரில் பணமே மனிதனின் மதிப்பை அளக்கும் கோலாகிக்கொண்டிருந்தது. அந்த மாற்றத்தில் மனிதநேயம் தொலைந்துவிடக் கூடாது என்பதே ரம்லியின் கவலை. 1960இல் வெளிவந்த அந்தாரா டுவா டார்ஜாட் என்னும் படத்திலும், குலப்பெருமை இரு உள்ளங்களைப் பிரிக்கும் கொடுமையை அவர் காட்டினார்.

சொல்ல வேண்டியதை எப்போதும் கண்ணீரோடுதான் சொல்ல வேண்டும் என்பது அவர் கொள்கையன்று. பூஜாங் லாப்போக் வரிசைப் படங்களில், வாடகை அறைகளில் காலந்தள்ளும் மூன்று ஏழை இளைஞர்கள் வருவர். வேலையில்லாத் திண்டாட்டம், வாடகைப் பாக்கி, அண்டை வீட்டாரின் ஓயாத கூச்சல் எனப் புதிய நகர வாழ்க்கையின் தொல்லைகள் யாவும் அப்படங்களில் நகைச்சுவையாயின. தம் வறுமையைக் கண்டு தாமே சிரிக்கும் தெம்பை மக்கள் அவரிடமிருந்து பெற்றனர்.

சிறுவயதில் கண்ட போரையும் அவர் மறக்கவில்லை. 1958ஆம் ஆண்டு வெளிவந்த சார்ஜான் ஹசான் என்னும் படத்தில் அவர் மலாய்ப் படைவீரராக நடித்தார். அப்படத்தை இயக்கப் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து லம்பர்த்தோ அவெல்லானா வரவழைக்கப்பட்டார். பெற்றோரை இழந்து, ஊராரின் ஏளனத்துக்கு ஆளான ஓர் இளைஞன் படையில் சேர்கிறான். ஜப்பானியர் நாட்டைக் கைப்பற்றியபோது தன் கிராமத்துக்குத் திரும்பி வந்து மக்களுக்காகப் போராடுகிறான். அப்படம் வெளிவந்தபோது போர் முடிந்து பதின்மூன்று ஆண்டுகளே கடந்திருந்தன. மலாயா விடுதலை பெற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. திரையரங்கில் அமர்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் போரில் இழந்த ஒருவரேனும் நினைவுக்கு வந்திருப்பார். போரின் வெற்றி தோல்வியைவிட, அது சாதாரணக் குடும்பங்களை எவ்வாறு சிதைத்தது என்பதையே அப்படம் மக்கள் மனத்தில் பதித்தது.

வானொலியும் பினாங்கும் ரம்லியின் வாழ்க்கையில் பெற்ற இடத்தை, 1962ஆம் ஆண்டு வெளிவந்த இபு மெர்துவாக்கு என்னும் படத்தில் காணலாம். என் மாமியார் என்பது அதன் பொருள். சிங்கப்பூரில் சபரியா என்னும் செல்வக் குடும்பத்துப் பெண், வானொலியில் ஒலிக்கும் ஓர் இசைக்கலைஞனின் குரலில் மனத்தைப் பறிகொடுக்கிறாள். காசிம் செலாமாட் என்னும் அக்கலைஞனை அவள் மணக்கிறாள். இசைக்கலைஞனை மருமகனாக ஏற்க மறுத்த தாய், மகளை வீட்டைவிட்டு விலக்குகிறார். இருவரும் பினாங்குக்கு வந்து குடித்தனம் நடத்துகின்றனர். காசிம் இசையைக் கைவிட்டுக் கூலி வேலை செய்கிறான். வறுமை தாங்காத மனைவி மகப்பேற்றுக்காகத் தாய் வீட்டுக்குத் திரும்புகிறாள். அங்கு மாமியார் செய்த சூழ்ச்சியால், மனைவி இறந்துவிட்டதாகக் காசிமுக்குப் பொய்ச்செய்தி வருகிறது. அழுது அழுது அவன் பார்வையை இழக்கிறான். பினாங்கில் அவனுக்கு உறவல்லாத ஒரு தாயும் மகளும் அடைக்கலம் தருகின்றனர். மீண்டும் இசையைக் கையிலெடுத்த அவன், வேறொரு பெயரில் புகழடைகிறான். பின்னர் மருத்துவத்தால் பார்வை திரும்பியபோது, மனைவி உயிரோடிருப்பதும், தனக்குக் கண்ணொளி தந்த மருத்துவரையே அவள் மணந்திருப்பதும் தெரியவருகின்றன. அந்த உண்மையைக் காண விரும்பாமல் அவன் மீண்டும் இருளையே தேடிக்கொள்கிறான்.

இப்படம் ஏன் இன்றும் மக்களைக் கலங்க வைக்கிறது? அன்றைய சமுதாயம் கலைஞனின் பாட்டை வானொலியில் விரும்பிக் கேட்டது. அதே கலைஞனைத் தன் வீட்டுக்குள் ஏற்கத் தயங்கியது. அந்த முரண்பாட்டை ரம்லி தம் வாழ்விலிருந்தே அறிந்திருந்தார். ஆகையால்தான் ஒரு குடும்பத்தின் கதை, ஒரு காலத்தின் கதையாக விரிந்தது.

அவருடைய திறமையை ஆசிய நாடுகள் போற்றின. அனாக்கு சசாலி என்னும் படத்தில் தந்தை, மகன் ஆகிய இரு வேடங்களையும் ஏற்றதற்காக, 1957இல் தோக்கியோவில் நடைபெற்ற ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். 1963இல் அதே நகரில், இபு மெர்துவாக்கு படத்துக்காகப் பல்திறக் கலைஞர் என்னும் சிறப்பு விருது அவருக்குக் கிடைத்தது. போர்க்காலத்தில் ஜப்பானியப் பள்ளியில் பாட்டுக் கற்ற சிறுவன், அமைதிக் காலத்தில் ஜப்பானின் தலைநகரிலேயே கலைஞராகக் கௌரவிக்கப்பட்டது குறிப்பிடத்தக்கது. தம் வாழ்நாளில் அவர் அறுபதுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார். முப்பதுக்கும் மேற்பட்ட படங்களை இயக்கினார். இருநூறுக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடினார்.

1964ஆம் ஆண்டு ரம்லி தம் மனைவியும் புகழ்பெற்ற பாடகியுமான சலோமாவுடன் கோலாலம்பூருக்குக் குடிபெயர்ந்தார். உலு கிளாங்கில் இருந்த மெர்டேக்கா படப்பிடிப்பு நிலையத்தில் பணியாற்றினார். ஆனால், காலம் மாறிவிட்டது. சிங்கப்பூரில் இருந்த தேர்ந்த தொழில்நுட்பக் கலைஞர்களும் கருவிகளும் அங்கு இல்லை. இந்தோனேசியாவுடன் ஏற்பட்ட பூசலால் அந்நாட்டுச் சந்தை கைநழுவியது. 1963இன் இறுதியில் தொலைக்காட்சி வந்தது. இளைஞர்கள் மின்கிட்டார் இசையையும், வெளிநாட்டிலிருந்து வந்த வண்ணப் படங்களையும் நாடினர். கறுப்பு வெள்ளையில் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட அவருடைய புதிய படங்கள் தோல்வியடைந்தன. ஒரு காலத்தில் அவர் பெயரைக் கேட்டவுடன் நிரம்பிய அரங்குகள் காலியாகக் கிடந்தன. சமுதாயத்தின் மாற்றங்களைக் கதையாக்கிய கலைஞரை, அதே மாற்றம் ஒதுக்கித் தள்ளியது. கையில் பணமும் இல்லை. முன்போல் வாய்ப்பும் இல்லை. ஆயினும் அவர் பாட்டெழுதுவதையும் இசையமைப்பதையும் விடவில்லை. 1972இல் வெளிவந்த லக்சமானா டோ ரே மி அவர் இயக்கிய இறுதிப் படமாகும்.

1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் மாரடைப்பால் ரம்லி காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. அவருடைய உடல் கோலாலம்பூர் ஜாலான் அம்பாங் இசுலாமிய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது. வாழ்ந்த காலத்தின் கடைசிப் பகுதியில் கிட்டாத மதிப்பு, மறைந்த பின்னர் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தது. கோலாலம்பூரில் ஒரு சாலை அவர் பெயரைப் பெற்றது. செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு 1986இல் நினைவு நூலகமாயிற்று. 1990ஆம் ஆண்டு நாடு அவருக்கு டான் ஸ்ரீ விருதை வழங்கியது. அதைப் பெற்றுக்கொள்ள அவர்தாம் இல்லை.

ஜோர்ஜ்டவுனில் அவர் பிறந்து வளர்ந்த சாலையும் இன்று ஜாலான் பி. ரம்லி என்றே அழைக்கப்படுகிறது. அவர் தந்தை கட்டிய மரவீடு சீர்செய்யப்பட்டு, மக்கள் பார்வைக்குத் திறந்து வைக்கப்பட்டுள்ளது. அவ்வீட்டைக் காண மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் வருகின்றனர். அவருடைய நகைச்சுவைக் காட்சிகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் எல்லா இனத்தாரிலும் உண்டு.

ஒரு நாட்டின் வரலாறு மன்னர்களாலும் போர்களாலும் மட்டும் எழுதப்படுவதில்லை. திரிஷா ஓட்டியின் காதல், வாடகை கொடுக்க இயலாத இளைஞனின் சிரிப்பு, போரிலிருந்து திரும்பிய வீரனின் ஏக்கம் ஆகியனவும் வரலாறே. அவற்றை மறக்கவொண்ணாத கதைகளாகவும் பாடல்களாகவும் ஆக்கியவர் பி. ரம்லி. போர் முடிந்த காலத்தில் பினாங்கு வானொலியில் எழுந்த அந்தக் குரல், நோன்புப் பெருநாளிலும் நள்ளிரவு ஒலிபரப்பிலும் இன்றும் மலேசியர் இல்லங்களில் ஒலித்துக்கொண்டிருக்கிறது. உரிய காலத்தில் கலைஞரைப் போற்றுவதே ஒரு சமுதாயத்தின் கடமை என்பதை அவருடைய வாழ்க்கை உணர்த்துகிறது.